தகப்பனை வகுப்பில் இருத்திய வாத்தியார்

ஷ்லீரன்,
சனிக்கிழமை பின்னேரம்

பெருமதிப்பிற்குரிய விஜிதரன் அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் தவராஜா பணிவுடன் எழுதுவது. ஷாஃப்ஹவுசனில் நீங்களும் கஜலக்சுமி அக்காவும் மருமகன் சாயிசனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் சந்திரமதியும் மகள் துஷாந்தியும் இருக்கிறோம். ரெயினில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்துகொண்டு இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் யோசிப்பீர்கள். ரெலிபோனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் சந்திரமதி குசினியில் இருந்தபடியே என் கதையைத் திருத்தினாள். நான் சொல்லவந்தது ஒன்று, உங்கள் காதில் விழுந்தது இன்னொன்று. காகிதத்தை அவளால் குசினியில் இருந்து திருத்த முடியாது.

விடயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருபது வருடமாக நீதிமன்றத்திலும் அகதி அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர். ஜேர்மன் சொற்களில் எது கனமானது, எது இலேசானது என்று உங்களுக்குத்தான் தெரியும். துஷாந்தியின் வாத்தியார் ஹெர் ஸ்டுக்கி என்பவர் மீது கல்விச் சபைக்கு ஒரு முறைப்பாடு எழுத வேண்டும். நடந்தவற்றை நான் கீழே தமிழில் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நீங்கள் அதைக் கனமான சொற்களாகப் பார்த்து ஜேர்மனில் போட்டு, மேலே 'முறைப்பாடு' என்று தலைப்பும், கீழே 'ஆகவே இவரை இந்த வேலையில் இருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு வரியும் வைத்து அனுப்பினால், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

முதலில் துஷாந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன இலையுதிர்கால விடுமுறைக்குப் பிறகு அவள் முப்பத்தொரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இதை நாங்கள் உங்களுக்குச் சொல்லவில்லை. அக்கா கேட்டபோது அவளுக்குத் தடிமன் காய்ச்சல் என்று சந்திரமதி சொன்னது இந்தக் காலத்தில்தான். காலை ஏழு பத்துக்குப் புத்தகப் பையோடு வெளிக்கிடுவாள், பின்னேரம் நாலேகாலுக்கு அதே பையோடு திரும்பி வருவாள், 'பள்ளிக்கூடம் எப்பிடி' என்று கேட்டால் 'ஓம்' என்பாள். கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தமில்லை என்று எனக்கு அப்போது படவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை பதில் சொன்னதே பெரிய காரியம் என்று இருந்துவிட்டேன். பள்ளிக்கூடம் சும்மா இருக்கவில்லை, மூன்று கடிதம் அனுப்பியது. எங்கள் வீட்டில் கடிதம் வாசிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். எட்டு வயதில் இருந்து துஷாந்திதான். முதல் கடிதத்தை வாசித்துவிட்டு, வகுப்புப் படம் எடுக்கப் படப்பிடிப்பாளர் வருகிறாராம், கையெழுத்துப் போடட்டாம் என்றாள். போட்டேன். இரண்டாவதை வாசித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பேன் பரவுதாம் என்றாள். அதற்கும் போட்டேன். சந்திரமதி மூன்று நாள் அவளைப் பிடித்து இருத்தி வேப்பெண்ணெய் வைத்துத் தலை வாரினாள், பிள்ளையும் ஒரு சொல் சொல்லாமல் இருந்து வாரக் கொடுத்தாள். மூன்றாவது கடிதம், பெற்றோரின் ஒத்துழைப்புக்குப் பள்ளிக்கூட அதிபர் நன்றி சொல்கிறாராம். அந்தக் கடிதத்தை நான் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு ஜேர்மன் நன்றாகத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் அதிபர் எனக்கு வேலையிடத்துக்கே ரெலிபோன் எடுத்துவிட்டார். நான் பாண் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தின் உள்ளே தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதிபர் என்ற மரியாதையில் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் "யா யா, டாங்கே" என்றேன். அதாவது, உங்கள் மகள் பள்ளிக்கூடமே வருவதில்லை என்று அவர் சொல்ல, நான் 'ஆமாம் ஆமாம், நன்றி' என்றிருக்கிறேன். பிறகு அவர்களே ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கூட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூடம் எழுதிய கடிதம் ஒன்றை உள்ளபடி நான் கேட்டது அன்றுதான். இந்தப் பிள்ளை முப்பத்தொரு நாளும் எங்கே இருந்தாள் என்று கேட்டால், எங்கள் பாண் தொழிற்சாலையின் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் பெரிய கடையின் மேல்மாடித் தேநீர்ச்சாலையில், யன்னலோரம் இருந்து, பின்பக்கத்தில் இருந்து தொடங்கும் யப்பான் படக்கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாளாம். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் அல்ல. ஒளிப்பதென்றாலும் ஒரு முறை இல்லையா, தகப்பன் வேலை செய்யும் இடத்துக்கு முன்னாலேயா என்று அந்தக் கூட்டத்திலேயே சத்தம் போட்டேன். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்காமல் தண்ணீர் குடித்தார். அன்றில் இருந்து துஷாந்திக்கு என்னோடு கதை இல்லை. 'சாப்பாடு போடட்டோ' என்றால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

வழக்கமான வகுப்பில் இனி வைக்க முடியாது, இப்படியான பிள்ளைகளுக்கென்று ரைம்அவுட் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது, அங்கே பன்னிரண்டு கிழமை போகட்டும், அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்று அதிபர் சொன்னார். சந்திரமதிக்கு அன்று இரத்த அழுத்தம் ஏறியது. சாயிசன் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளின் ஜிம்னாசியத்தில் படிக்கும்போது எங்கள் பிள்ளை ரயர் கடைக்கு மேலே படிக்கிறாள் என்று அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுடைய முதற் கேள்வி. ஆமாம், அந்த வகுப்பு ரயர் கடைக்கு மேலேதான். படியேறும்போதே றப்பர் மணக்கும்.

ஹெர் ஸ்டுக்கி அங்கேதான் இருந்தார். வாத்தியார் என்றால் ஒரு கோட்டு, ஒரு கண்ணாடி என்று நினைத்துப் போனேன். இவர் மலையில் கேபிள் கார் திருத்தும் மெக்கானிக்காகப் பதினாறு வருடம் இருந்துவிட்டுப் பிறகு வாத்தியாரானவர். இன்றுவரை அதே பல பைகள் வைத்த சிவப்புக் காற்சட்டையைத்தான் போடுகிறார். ஒரு பையில் இருந்து சோக்கு எடுத்தார், இன்னொன்றில் இருந்து பாற்கட்டி எடுத்து வெட்டி எங்களுக்கு நீட்டினார். என்னை முதற் சந்திப்பிலேயே 'நீ' என்றார். இதை முறைப்பாட்டில் முதலாவதாக வையுங்கள். பிள்ளையிடம் ஏன் வரவில்லை என்று ஒரு சொல் கேட்கவில்லை. கூட்டத்துக்கு வந்த அதே மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு முழு விசாரணையும் எனக்குத்தான்.

"உன்ர வீட்டிலை கடிதம் ஆர் வாசிக்கிறது?"

"மகள்."

"வாடகை வீட்டு நிர்வாகத்துக்கு ரெலிபோன் எடுக்கிறது?"

"மகள்."

"டொக்டரிட்டைப் போனால் ஆர் கதைக்கிறது?"

"அதுவும் மகள்தான்."

எல்லாவற்றையும் பலகையில் எழுதினார். பிறகு, "ஏழு வருசம் உனக்கு வேலை செய்திருக்கிறாள். விடுமுறை குடுத்தனியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும். "அப்ப அந்த முப்பத்தொரு நாளும் அவளின்ர விடுமுறை. எடுத்து முடிச்சிட்டாள். சரி. ஆனால் பாடம் தவறினது தவறினதுதான். அதை ஆரோ வந்து இருந்து தீர்க்க வேணும்" என்றார். யார் என்று கேட்டேன். சோக்கால் என்னைக் காட்டினார். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஒன்றரையில் இருந்து நாலு மணிவரை, பன்னிரண்டு கிழமை. என் வேலை பகல் பன்னிரண்டுக்கு முடியும் என்று அதற்கு முன்னமே என் வாயால் சொல்ல வைத்திருந்தார். இது சட்டமோ என்று கேட்டேன். "சட்டம் இல்லை. வகுப்பு நேரசூசி" என்றார்.

வீட்டுக்கு வந்து சந்திரமதியிடம் நியாயம் கேட்டேன். "போங்கோவன், நீங்களும் ஏதும் படிச்சதாய் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் வெட்டப் போய்விட்டாள்.

அத்தான், ஐம்பத்திரண்டு வயதில், டாவோஸ் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி இந்த நாட்டு வாழ்க்கையைத் தொடங்கிய நான், லூவானா என்ற பிள்ளைக்கும் பிளேரிம் என்ற பெடியனுக்கும் நடுவில் ஒரு சின்னக் கதிரையில் இருந்தேன். லூவானா முந்தின பள்ளிக்கூடத்தில் நாலு தரம் தீயணைப்பு மணியை அடித்துவிட்டு வந்தவள். பிளேரிம் கதிரையை யன்னலால் வெளியே எறிந்தவன். கதிரை ஏற்கெனவே யன்னலுக்குக் கிட்டத்தான் இருந்தது என்பது அவனுடைய கட்சி. துஷாந்தி அடுத்த மேசையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். முதற் பாடம், எங்கள் வீட்டு நிர்வாகம் உடுப்புத் தோய்க்கும் அறை பற்றி எழுதிய கடிதம். ஹெர் ஸ்டுக்கி அதை லூவானாவின் கையில் கொடுத்து, "இவனுக்கு வாசிக்கப் பழக்கு. உனக்குரிய புள்ளி இவன் வாசிக்கிறதிலை இருக்கு" என்றார். அந்தப் பிள்ளை என்னை விட்டாளா. ஒரு சொல்லைப் பதினொரு தரம் சொல்ல வைத்தாள். நான் களைத்துப்போய் "யா யா, டாங்கே" என்றதும், "விளங்கேல்லை எண்டால் விளங்கேல்லை எண்டு சொல்லு, டாங்கே சொல்லாதை" என்று ஒரு அதட்டு. என் தாயும் என்னை அப்படி அதட்டியதில்லை. முடிவில் எனக்கு ஆறுக்கு இரண்டரை. அந்தப் புள்ளித்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொறுப்பானவரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார் ஹெர் ஸ்டுக்கி. பொறுப்பானவர் யார் என்று கேட்டேன். துஷாந்தியின் முதுகைக் காட்டினார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை அவளுக்கு முன்னால் வைத்தேன். அவள் அதை முழுவதும் வாசித்தாள். பேனை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். கீழே பெற்றோர் குறிப்பு என்ற இடத்தில் ஏதோ எழுதி மடித்துத் தந்தாள். அடுத்த நாள் வேலை இடைவேளையில் அகராதி வைத்துப் பார்த்தேன். 'கெட்டிக்காரன். ஆனால் கவனம் காணாது' என்று இருந்தது. ஏழு கிழமையில் அவள் எனக்குச் சொன்ன முதல் வசனம் அதுதான். அந்தத் தாளை மேலாளர் பார்த்துவிடாமல் உடுப்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது தீயணைப்புப் படை வந்த கதை. அதிலும் என் பெயர் இருக்கிறது, ஆனால் காரணம் ஹெர் ஸ்டுக்கிதான். ஒவ்வொருவரும் வீட்டில் சாப்பிடுவதைக் கொண்டுவாருங்கள் என்று அவர் சொல்லாவிட்டால் சந்திரமதி செய்த ரோல்ஸை நான் கொண்டுபோயிருக்க மாட்டேன். ஆறிப்போனதைத் தின்னக் கொடுக்கக்கூடாது என்று அந்த வகுப்புக் குசினியில் எண்ணெய் வைத்தேன். அதே நேரம் பிளேரிம் ஏதோ ஒரு பின்னக் கணக்கைக் கேட்டான். எனக்குப் பின்னம் தெரியும் அத்தான், மாவும் தண்ணீரும் கலக்கிற கணக்குத்தானே, நின்று சொல்லிக் கொடுத்தேன். புகை மணி அடித்தது. கீழே ரயர் கடையில் இருந்தவர்கள் உட்பட எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டோம். அந்த நாள் பார்த்துக் கல்விச் சபையில் இருந்து ஒரு அம்மா பார்வையிட வந்திருந்தா. அவ ஒருவரிடமும் கேட்காமல் நேரே லூவானாவைப் பார்த்து, "திரும்பவும் நீதானா" என்றா. அவளுடைய முகம் போன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் முன்னுக்குப் போய், எனக்குத் தெரிந்த ஜேர்மனில், "நான். எண்ணெய். நான்" என்றேன். அந்த அம்மா என்னை யார் என்று கேட்டா. ஹெர் ஸ்டுக்கி பாற்கட்டி சாப்பிட்டுக்கொண்டே, "இந்த வகுப்பு மாணவன்" என்றார். லூவானா வீதியில் நின்று சிரித்தாள். மணி அடித்து, அதற்குக் காரணம் அவளாக இல்லாமல் போனது இதுதான் முதல் தரமாம். அன்று எனக்கு நாலரை போட்டாள். நடத்தைக்கு.

இனித்தான் பெரிய முறைப்பாடு வருகிறது. நான் அதிகாலை மூன்றரைக்கு எழும்புகிறவன். ஒரு வியாழன் பின்னேரம் கணக்குப் பாடத்தில் நித்திரையாகிவிட்டேன். ஒரு வாத்தியார் என்ன செய்ய வேண்டும், எழுப்ப வேண்டும். இவர், சத்தம் போடாதேயுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, தலை எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்று அளந்து, என்னைப் படம் வரையச் சொல்லியிருக்கிறார். துஷாந்தி வரைந்தாள். அவள் வரைவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் எழும்பும்போது மூன்றும் ஒரு மேசையில் தலைகளை வைத்துக்கொண்டு குசுகுசுத்தன. பிறகு இரண்டு மாதமாக ஜேர்மன் பாடமும் கணக்குப் பாடமும் அந்த ஒரே வேலைதான். மங்கா செய்கிறார்களாம். முதலில் நான் மாங்காய் என்று விளங்கிக்கொண்டு, இந்தக் குளிரில் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். யப்பான் படக்கதை. துஷாந்தி வரைவாள், லூவானா வசனம் எழுதுவாள், பிளேரிம் சத்தங்களை எழுதுவான். டமார், பட்டீர் எல்லாம் அவனுடைய பொறுப்பு. அதில் அவனுக்கு அனுபவம் இருக்கிறது.

கதை என்ன தெரியுமா அத்தான். ஒருவருக்கும் வேண்டாத பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்புக்கு ஒரு வாத்தியார் வருகிறார். அவருக்கு அந்த நாட்டுப் பாஷை தெரியாது. பாடத்தில் நித்திரை கொள்வார். யார் எதைச் சொன்னாலும் 'யா யா, டாங்கே' என்பார். அவர் எல்லாவற்றையும் பிழையாக விளங்கிக்கொள்வார் என்ற பயத்திலேயே பிள்ளைகள் ஒழுங்காகிவிடுவார்கள். அந்த வாத்தியாரின் பெயர் ஹெர் தவா. விளக்குமாறு மாதிரி மீசை, முட்டை மாதிரிக் கண், கோபம் வந்தால் இரண்டு காதாலும் புகை. இரண்டாம் அத்தியாயத்தில் அவர் நிலம் கழுவும் இயந்திரத்தில் ஏறிப் போய் அதிபரோடு சண்டை பிடிக்கிறார். நான் அப்படி எதுவும் செய்யவில்லை என்பதை எழுத்தில் தெளிவாகப் போடுங்கள். எங்கள் இயந்திரத்தின் வயர் நாலு மீற்றருக்கு மேல் போகாது. இந்தப் புத்தகத்தை ஹெர் ஸ்டுக்கி இருநூறு பிரதி எடுத்து ஊரெல்லாம் விட்டிருக்கிறார். எங்கள் மேலாளர் கையெழுத்துக் கேட்டார். நம்முடைய தமிழ்க் கடை குகநாதன் அண்ணை, புத்தகத்தை எங்கள் வழக்கப்படி இந்தப் பக்கத்தில் இருந்து திறந்துவிட்டு, "என்ன தவம், முதல் பக்கத்திலையே உன்னை எல்லாரும் அழுதழுது வழியனுப்பினம்" என்று கடையில் சனத்துக்கு நடுவில் கேட்டார். அது கடைசிப் பக்கம் என்று விளங்கப்படுத்துவதற்குள் பஸ் போய்விட்டது.

மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் நீங்கள் அக்காவிடம் வேறு விதமாகக் கேள்விப்படுவீர்கள்.

ஹெர் ஸ்டுக்கி பக்கங்களை உடுப்புக் காயப்போடுவது போலக் கயிற்றில் கொழுவி வைப்பார். ஒரு செவ்வாய் நான் கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். கடைசியாகக் கொழுவியிருந்த பக்கத்தில் ஹெர் தவா கட்டிலில் படுத்திருந்தார். ஆஸ்பத்திரி. மீசையில் இருந்து வயர்கள் போகின்றன. பக்கத்தில் ஒரு டொக்டர், இந்தப் பக்கம் சந்திரமதி மாதிரி ஒரு பெண், நடுவில் ஒரு பிள்ளை. டொக்டரின் வாயில் இருந்து வரும் கட்டம் முழுக்க நுணுக்கி நுணுக்கி எழுத்து. பிள்ளையின் வாயில் இருந்து தாயை நோக்கிப் போகும் கட்டத்தில் மட்டும் தமிழ். 'சும்மாதானாம்' என்று ஒரே சொல். போன வருடம் எனக்கு நெஞ்சு நொந்து கொண்டுபோய் ஏதோ குழாய் வைத்தார்கள் அல்லவா. உங்களுக்கு வாய்வு என்றுதான் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. லூவானா அப்போது உள்ளே வந்தாள். டொக்டரின் கட்டத்தைக் காட்டினேன். அவள் அன்று அதட்டவில்லை, சொல் சொல்லாக விரல் வைத்துக் காட்டினாள். 'இவர் நாளைவரை இருப்பாரோ என்று இப்போது சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தது.

அடுத்த கட்டத்தில் ஒரு யன்னல். யன்னலுக்குள் அதே பிள்ளை, கையில் புத்தகம், கண் புத்தகத்தில் இல்லை. வெளியே எங்கள் தொழிற்சாலை வாசல், மேலே மணிக்கூட்டில் பன்னிரண்டு, வாசலால் மீசைக்காரர் வெளியே வருகிறார். அதற்கு அடுத்த கட்டத்தில் பிள்ளை தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறது. அவ்வளவுதான். அதில் பிளேரிம் ஒரு சத்தமும் எழுதவில்லை.

திரும்பிப் பார்த்தேன். துஷாந்தி கதவடியில் நின்றாள்.

"டொக்டர் அப்பிடியோ சொன்னவர்?"

"ஓம்."

"அம்மாவுக்கு ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"அதைத் தமிழிலை என்னெண்டு சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை அப்பா."

எனக்கும் தெரியவில்லை அத்தான். அவளுக்கு அப்போது பதினாலு வயது. அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்று யோசித்து, "சாப்பிட்டியோ" என்று கேட்டேன். ஓம் என்றாள். அப்போது ஹெர் ஸ்டுக்கி உள்ளே வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒரு பையில் இருந்து கைலேஞ்சி எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, "பின்னங்கள். பக்கம் நாப்பது" என்றார். ஒரு தகப்பனுக்கு ஐந்து நிமிடம் கொடுக்காத வாத்தியார் என்று இதையும் எழுதுங்கள். அன்று எல்லாக் கணக்கும் பிழை. அவர் பிழை போடவில்லை. அதுவும் கடமை தவறியதுதானே.

இதன் விளைவுகளையும் சொல்லிவிடுகிறேன். அன்று வீட்டில் சந்திரமதிக்கு எல்லாம் சொல்லப்பட்டது. அவள் முதலில் அழுதாள், பிறகு பிள்ளையைக் கட்டிப்பிடித்தாள், பிறகு என்னை ஏசினாள், பிறகு வீட்டில் பொரியலை நிறுத்தினாள். அன்றில் இருந்து நான் அவித்ததைத் தின்கிறேன். துஷாந்தி இப்போது வீட்டில் ஒரு கடிதமும் வாசிப்பதில்லை. "நீங்களே வாசியுங்கோ அப்பா, வகுப்பிலை படிக்கிறியள்தானே" என்கிறாள். பதில் சொல்லாத பிள்ளை இப்போது பஸ்ஸில் சனத்துக்கு முன்னால் என் ஜேர்மனைத் திருத்துகிறாள். ஒரு நாள் கூட வகுப்புத் தவறவில்லை. காய்ச்சல் என்று நான் மறித்தபோதும் போனாள். தொழிற்பயிற்சிக்கு வங்கியில் சேர்ப்போம் என்று நான் உங்களோடு பேசி வைத்திருந்தேன் அல்லவா. அவள் விளம்பரப் பலகை எழுதும் ஒரு பட்டறையில் ஐந்து நாள் பழகிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கோடையில் இருந்து வரச் சொல்லிவிட்டார்கள். முதற் பலகையைக் கைப்பேசியில் காட்டினாள். செருப்புத் திருத்தும் கடைப் பலகை. நல்ல எழுத்துத்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்கெல்லாம் என்னிடம் ஒரு சொல் கேட்கப்பட்டதா. கேட்கப்பட்டது, நான் யா யா என்றேன் என்று ஹெர் ஸ்டுக்கி சொல்கிறார். அது எந்தக் கேள்விக்குச் சொன்னது என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஆகவே அத்தான், பெற்றோரை மரியாதைக் குறைவாக நடத்தியது, வயது வந்த மனிதனுக்குப் புள்ளி போட்டது, குடும்ப விடயங்களைப் படம் போட்டுக் கயிற்றில் கொழுவியது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நல்ல கனமான கடிதமாக எழுதித் தாருங்கள். அக்காவுக்கு என் அன்பையும், மருமகன் சாயிசனுக்கு இந்த மாமாவின் ஆசியையும் சொல்லுங்கள். அவனுடைய பரீட்சை நன்றாக முடியட்டும். உங்கள் முழங்கால் நோவுக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் வல்ல சிவபெருமான் உங்கள் வீட்டையும் எங்கள் வீட்டையும் ஒரே கண்ணால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
சி. தவராஜா

பிற்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்தார். கல்விச் சபையில் இருந்து என் பெயருக்கே ஒரு கடிதம். துஷாந்தி மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, "தாங்கோ அப்பா, நான் வாசிக்கட்டோ" என்று கையை நீட்டினாள். முகத்தில் பழைய பயம் தெரிந்தது. இருக்கட்டும் பிள்ளை என்றேன். அகராதியோடு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. 'அன்ஹோருங்' என்று ஒரு சொல், அகராதியில் 'கேட்டல்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு எனக்குக் காதுப் பரிசோதனை வைக்கிறார்கள் என்று அரை மணித்தியாலம் பயந்துபோய் இருந்தேன். பிறகு அடுத்த வரியில் விளங்கியது. அது விசாரணை. வகுப்பில் வேறொரு பிள்ளையின் தகப்பன், எனக்கு யாரென்று தெரியாத ஒரு மனிதன், ஹெர் ஸ்டுக்கி பெற்றோரை வாங்கில் இருத்துகிறார், படிப்பிக்காமல் படம் வரைய விடுகிறார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அவரை வேலையில் வைத்திருப்பதா விடுவதா என்று வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன் முடிவெடுப்பார்களாம். வகுப்புப் பெற்றோர் விரும்பினால் கருத்துச் சொல்லலாமாம்.

அந்தத் தகப்பனை எனக்கு ஒரு தரம் நேரில் பார்க்க வேண்டும்.

நான் மேலே எழுதியதை நீங்கள் அப்படியே ஜேர்மனில் போடுங்கள் அத்தான். தலைப்பில் 'முறைப்பாடு' என்ற இடத்தில் 'சாட்சியம்' என்று வையுங்கள். கடைசி வரியில் 'நீக்கும்படி' என்ற இடத்தில் 'எக்காரணம் கொண்டும் நீக்காதிருக்கும்படி' என்று வையுங்கள். நடுவில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். பாற்கட்டியையும் விட வேண்டாம்.

கடிதத்தோடு விடாமல் நேரிலும் கதைக்கப் போகிறேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஒரு கட்டம் இருந்தது, வேண்டாம் என்று புள்ளடி போட்டுவிட்டேன். துஷாந்தி தானும் வருகிறாளாம். வா, ஆனால் நீ ஒரு சொல்லும் மொழிபெயர்க்கக்கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறேன். எனக்குச் சொல் வராமல் நான் நின்றாலும் அவள் வாய் திறக்கக்கூடாது. சும்மா பக்கத்தில் இருந்தால் போதும்.